நடந்தவர்கள் படத்தில் இல்லை

“கழட்டு அதை.”

வேதா மாமி என் காதருகே வந்து சொன்னது இவ்வளவுதான்.

தேனாம்பேட்டையில் ஒரு காபிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஹால் அது. என் முதல் கண்காட்சி. சுவர் முழுக்க நான் எடுத்த மரங்கள், எல்லாம் கருப்பு வெள்ளையில். கீழேயிருந்து டிகாக்ஷன் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. ஏசி, வேலை செய்வதாகச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. நான் புது ஜிப்பாவில், பெண்ணைப் பெற்றவன் கல்யாண மண்டபத்தில் அலைவதுபோல வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

“எதை மாமி?”

“அதான், நடுவுல பெருசா மாட்டி வெச்சிருக்கியே, அந்த அரசமரத்தை.”

ஹாலில் இருந்ததிலேயே பெரிய படம் அது. ஏறக்குறைய என் உயரம். அழைப்பிதழில் போட்டதும் அதைத்தான். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதன் முன்னால்தான் போய் நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமி வந்து கழட்டச் சொல்கிறார்.

“ஏன் மாமி, நல்லா இல்லையா?”

“நன்னா இருக்கு. ரொம்ப நன்னா இருக்கு, அதான் கஷ்டம். இன்னும் கொஞ்ச நேரத்துல ரகு வந்துடுவான். அவன் கண்ணுல இது பட்டுதோ, நான் பொட்டியைக் கட்டிண்டு ஆதம்பாக்கம் போக வேண்டியதுதான்.”

ரகு மாமியின் ஒரே பிள்ளை. அதுவரை சரி. மயிலாப்பூரில் இருக்கும் ஒரு மரத்தின் படத்துக்கும் மாமி ஆதம்பாக்கம் போவதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் முழிப்பதுபோலத்தான் நானும் முழித்தேன். அதைச் சொல்வதற்கு முன், மரத்தைப் படம் எடுப்பவனின் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமி அதுவரை ஒரு நாற்காலியில் உட்காரட்டும்.

எப்ப வெட்றாங்கோ?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் பார்க்கிறவர்களுக்கு: நான் ராயப்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கடைக்கு விடுமுறை விட்ட நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மரம் தேடிப் போகிறவன். இக்பால் பாய் என்றால் எங்கள் தெருவில் தெரியும். “மரம் பாய்” என்றால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

சென்னையில் மனிதனைப் படம் எடுத்தால் சிரிப்பான். நாயைப் படம் எடுத்தால் நாலு பேர் கூடிச் சிரிப்பார்கள். மரத்தைப் படம் எடுத்தால் மட்டும் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

தி.நகரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பந்தல் போட்டமாதிரி நிற்கும். அதன் கீழே ஆட்டோ ஸ்டாண்டு. நான் ட்ரைபாடைப் பிரித்து நிறுத்தியதுமே ஒரு ஆட்டோக்காரர் எழுந்து வந்தார்.

“இன்னா பாய், மரத்த போட்டோ புடிச்சிகினு கீற? மெட்ரோ வருதா?”

“இல்லப்பா. சும்மாதான்.”

“சும்மா எவனாச்சும் மரத்த புடிப்பானா? எப்ப வெட்றாங்கோ, அத்த மட்டும் சொல்லு நைனா. ஸ்டாண்ட மாத்தணும்ல?”

நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, மரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. மாடி வீட்டிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து, “இத்தனை குருவியும் உங்க வீட்டுக்கா வரும்?” என்று என்னைப் பிடிபிடி என்று பிடித்தார். நான் போன பிறகு யாரோ அந்த மரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்களாம். அடுத்த வாரம் அந்த ஆட்டோக்காரர்தான் சொன்னார். என் புகைப்படக் கலையால் ஒரு மரத்துக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

அடையாறில் வேறு விதம். அங்கே ஒரு ஆலமரத்தின் முன்னால் நான் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தபோது, வாக்கிங் ஷூ போட்ட ஒரு பெரியவர் வந்து மரத்தடியில் விறைப்பாக நின்றுகொண்டார்.

“சார், கொஞ்சம் நகர முடியுமா?”

“வெறும் மரத்தை எடுத்து என்ன சார் பண்ணப் போறீங்க? ஆள் இருந்தாத்தானே படம். நான் நிக்கறேன், எடுங்க.”

எடுத்தேன். வேறு வழி? அனுப்பியும் வைத்தேன். இன்றுவரை அவருடைய வாட்ஸ்அப்பில் அந்தப் படம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு நண்பராகிவிட்டார். கண்காட்சிக்கு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார், வந்து என் கழுத்தை அறுப்பார். அதனால் அந்த வாக்கிங் ஷூவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி நஸ்ரீன் ஒருநாள் கேட்டாள்: “மரத்துக்கு மட்டும் எப்படி ஜி லெஃப்ட்ல ஒண்ணு, ரைட்ல ஒண்ணுன்னு பாத்துப் பாத்து எடுக்கிறீங்க? நம்ம நிக்காஹ் ஆல்பத்துல எனக்குப் பாதித் தலையே இல்ல.”

“அன்னிக்கு நான் மாப்பிள்ளைடி. நானா படம் எடுத்தேன்?”

“இப்படி ஒரு சாக்கு.”

கருப்பு வெள்ளை ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில். நம் ஊர் மரத்தைக் கலரில் எடுத்தால் மரம் தெரியாது. அதில் ஆணி அடித்து மாட்டியிருக்கிற டியூஷன் சென்டர் போர்டுதான் தெரியும். மஞ்சள் போர்டு, சிவப்பு எழுத்து, பத்து இலக்க நம்பர். கருப்பு வெள்ளையில் எல்லாம் சாம்பலாகி வாயை மூடிக்கொள்ளும், மரம் பேச ஆரம்பிக்கும்.

வெல்டிங் கண்ணாடி

மயிலாப்பூரில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்து முனையில் அந்த அரசமரம். அடியில் சின்னதாக ஒரு பிள்ளையார், பக்கத்தில் மூன்று நாகர், ஒட்டினாற்போல் ஒரு ஜூஸ் கடை. வேர்கள் மேடையைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கும். அந்த மரத்தை, மரத்தை மட்டும், தனியாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் வெறி.

அந்த மரம்தான் தனியாக இருக்கவே இருக்காதே. விடிகாலையில் போனால் பால் வாங்கப் போகிறவர்கள் நின்று ஒரு கும்பிடு. மத்தியானம் போனால் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷம் அலைந்தேன்.

ஆட்களை மறைய வைக்க ஒரு வழி உண்டு. லென்ஸுக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டால் வெளிச்சம் உள்ளே கசிந்து கசிந்துதான் போகும். ஷட்டரை நாலு நிமிஷம் திறந்தே வைத்திருக்கலாம். அந்த நாலு நிமிஷத்தில் நடக்கிறவர்கள் எங்கேயும் நிலைத்து நிற்காததால் படத்தில் பதியமாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும்.

அதற்கென்றே விற்கிற கண்ணாடியின் விலையைக் கேட்டேன். கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவன் இன்னொருத்தனிடம் போய்க் கண்ணாடிக்கு அந்த விலை கொடுப்பதா? மானப் பிரச்சினை. எங்கள் தெருவில் கிரில் செய்கிற பட்டறைக்குப் போய், வெல்டிங் செய்யும்போது முகத்துக்கு முன்னால் பிடிக்கிறார்களே, அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். கடை மெஷினில் வைத்து வட்டமாகத் தேய்த்து லென்ஸில் பொருத்திவிட்டேன். முதலில் எங்கள் கடைக்கு எதிரில் இருக்கும் சாலையைத்தான் எடுத்துப் பார்த்தேன். பஸ், ஆட்டோ, ஜனம் எல்லாம் மாயம். படத்தைப் பார்த்த நஸ்ரீன், “இது எப்ப நடந்த கர்ஃப்யூ?” என்றாள்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கோளாறு உண்டு. அது கரும்பச்சை. அதன் வழியாகச் சிவப்பு உள்ளே வராது. சிவப்பாக எது இருந்தாலும் படத்தில் தார் பூசியதுபோலக் கருப்பாகத்தான் விழும். கலர்க்காரன் தூக்கிப் போட்டுவிடுவான். எனக்கென்ன, நான் கருப்பு வெள்ளை.

இவ்வளவும் கைக்கு வந்ததும் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் எடுக்கிறது ஒரு சாமர்த்தியமா? அந்த மரத்தடியில் கூட்டம் நெரிகிற நாளில் போய், ஆளே இல்லாத படத்தோடு திரும்புவது என்று முடிவு செய்தேன்.

அப்படி ஒரு நாள் இருக்கிறது. அமாவாசை திங்கட்கிழமையில் வந்தால் அதற்கு அமாசோமவாரம் என்று பெயர். அன்று காலையில் மயிலாப்பூர் மாமிகள் அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு பொருள் வைக்க வேண்டும். மஞ்சள் கிழங்கு, வெல்ல அச்சு, வாழைப்பழம், வளையல், அவரவர் வசதி. எண்ணிக்கை தவறாமல் இருப்பதற்கும் அதுதான் கணக்கு. கூடை காலியானால் நூற்றெட்டு ஆயிற்று.

எதிர் வீட்டு மாடியில் ஒரு தையற்கடை. அவர்களிடம் சொல்லி பால்கனியில் ட்ரைபாடை நிறுத்தினேன். கீழே பட்டுப்புடவைகளின் சரசரப்பு, வளையல் சத்தம், யார் எத்தனையாவது சுற்று என்ற விசாரணை. மரத்தைச் சுற்றி ஒரு ஆறு ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டினேன், ஷட்டரைத் திறந்தேன், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

படத்தில் ஒருத்தர்கூட இல்லை. மரத்தடியில் லேசாகப் புகை படிந்ததுபோல ஒரு மங்கல். மேலே காற்றில் கலங்கிய இலைகள். நடுவில் அந்த அடிமரம், ஒவ்வொரு நரம்பும் தெரிய.

பொய் சொல்லக் கூடாது. ஒருத்தர் இருந்தார். வலது பக்கம், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரத்தைப் பார்த்து, கறுப்புத் தூண் மாதிரி ஒரு பெண் உருவம். கத்தி மாதிரித் துல்லியமாக விழுந்திருந்தது. கடையில் பெரிதாக்கிப் பார்த்ததும் கொண்டையையும் கழுத்துச் சாய்வையும் வைத்து யாரென்று கண்டுகொண்டேன். வேதா மாமி! அட, கும்பிட்டபடி உருகி நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த உருவம் இல்லாவிட்டால் மரத்தின் பிரம்மாண்டமே தெரிந்திருக்காது. மாமிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே வைத்திருந்து, கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டினேன்.

கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை வேறு: “நாலு நிமிஷத்தில் எடுத்த படம். நடந்தவர்கள் யாரும் இதில் இல்லை. நடக்காதவர் மட்டும் இருக்கிறார்.”

எழுதிவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஆதம்பாக்கம் ஒப்பந்தம்

மாமி என் வாடிக்கையாளர். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா போன பிறகு மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் தனியாக இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைப்பார், பிறகு அதன் மேலேயே உட்காருவார். அதனால் எங்கள் நட்புக்குக் குறைவே வந்ததில்லை.

அன்று ஹாலின் மூலையில் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் மாமி மூச்சுவிடாமல் சொன்னது இது. போன மழைக்காலத்தில் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். அடி பெரிதில்லை. ஆனால் ரகுவுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. ஆதம்பாக்கத்தில் அவன் ஃப்ளாட்டில் லிஃப்ட் இருக்கிறது, தனி ரூம் இருக்கிறது, வந்துவிடு என்று தினமும் போன். மாமி மாட்டேன் என்று தினமும் பதில்.

“கடைசில ஒருநாள் சொன்னான். ‘அம்மா, உன் முட்டி நன்னா இருக்குன்னு சொல்றியே, வர அமாசோமவாரத்துக்கு நூத்தியெட்டு சுத்திக் காட்டு. அப்பறம் நான் ஆதம்பாக்கம்னு வாயைத் தெறக்கலை. இல்லேன்னா நீ வந்துடணும்’னு. நானும் சரின்னேன். என் வாய் சும்மா இருக்குமா?”

“சுத்தினீங்களா?”

“சுத்தினேன்னு சொன்னேன். அவன் நம்பாம ஆளையே அனுப்பினான். நித்யா லீவு போட்டுண்டு கூட வந்தா. மாமியார் நூத்தியெட்டும் முடிச்சாச்சுன்னு அவதான் ஆத்துக்குப் போய் சாட்சி சொன்னா.”

நித்யா, ரகுவின் மனைவி.

“அப்புறம் என்ன மாமி பயம்?”

மாமி சுவரைக் காட்டினார். “நடந்தவா யாரும் இதுல இல்லை, நடக்காதவ மட்டும் இருக்கான்னு நீதானேடா எழுதி ஒட்டியிருக்கே! அத்தனை பேரும் சுத்தறா, ஒருத்தரும் விழலை. நான் மட்டும் ஜம்முனு இருக்கேன். நாலாவது சுத்துலயே முட்டி விட்டுடுத்து இக்பால். இதைப் பாத்தா அவனுக்குப் புரியாதா? நித்யாவும் சேர்ந்து மாட்டிப்பா.”

விளையாட்டாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் மாமியின் முகத்தில் அன்று விளையாட்டு இல்லை. அந்த வீடு, அந்தக் குளக்கரைக் காய்கறிக் கடை, சாயங்காலம் பாட்டுக் கச்சேரிக்குத் தானாகவே போய்த் தானாகவே திரும்புகிற சுதந்திரம், எல்லாம் என் ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தைக் கழட்டலாம் என்று திரும்பினேன். அதன் முன்னால் மூன்று காலேஜ் பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படியேறி வந்துகொண்டிருந்தான் ரகு. கூடவே நித்யா.

அசையாமல் ஒரு போட்டி

நான் ஓடிப்போய் அந்த அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் இடுப்பு அகலத்துக்கு அது முழுசாக மறைந்தது. நஸ்ரீன் எத்தனையோ முறை குறை சொன்ன தொந்தி, அன்று ஒரு காரியத்துக்கு உதவியது.

“இக்பால் அங்கிள், கங்கிராட்ஸ்!” என்று வந்த ரகு, படத்தைப் பார்த்துவிட்டு நின்றான். “ஹே, இது அம்மா! நித்யா, பாரேன், அம்மாவோட கொண்டை!”

அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது.

“ஆனா யாரையுமே காணோமே? அம்மா, நீ அவ்ளோ சீக்கிரமாவா போயிட்டே?”

மாமியின் முகத்தில் உயிர் வந்தது. “ஆமாண்டா, கூட்டம் வரதுக்கு முன்னாடியே...”

“இல்ல தம்பி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடையாறு வாக்கிங் ஷூ. நான் அவரிடம் அந்தப் படத்தின் பெருமையைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். “அங்கதான் விஷயமே இருக்கு! அங்க அம்பது அறுபது பேர் சுத்திக்கிட்டு இருக்காங்க. நடக்கிறவங்க யாரும் விழமாட்டாங்க. அசையாம நின்னவங்க மட்டும்தான் விழுவாங்க. பாய், கொஞ்சம் நகருங்க, அட்டையைப் படிக்கட்டும்.”

என்னைக் கையைப் பிடித்து நகர்த்தியே விட்டார்.

ரகு ஆங்கிலத்தைப் படித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு படத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“அப்போ நாலு நிமிஷம் நீ நடக்கவே இல்லையா?” கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். குரல் இறங்கிப்போய்க் கேட்டான். “முட்டி ரொம்ப வலிச்சுதாம்மா?”

மாமி தரையைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. கடையில், “இந்த ஃப்ரேம் எனக்கு நல்லா இல்லையே” என்பவரிடம், “உங்க மூக்குக்கே செஞ்சது சார்” என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நாக்கு.

“ரகு, நல்லா பாரு. ஒரு முடி கலங்கியிருக்கா? கழுத்து அசைஞ்சிருக்கா? நாலு நிமிஷம், பத்து மில்லிமீட்டர் ஆடினாக்கூட கலங்கிடும். முட்டி வலிக்கிறவங்க இப்படி நிப்பாங்களா? ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாத்தி மாத்தி ஆடுவாங்க. இந்தக் காலுக்கு என்ன குறைன்னு அம்மாவை ஆதம்பாக்கத்துக்குக் கூப்பிடறே? உன்னால நிக்க முடியுமா நாலு நிமிஷம்?”

“நாலு நிமிஷம் யாரால முடியாது?”

“நில்லு பாக்கலாம்.”

வாக்கிங் ஷூ உடனே போனை எடுத்து நேரம் வைத்தார். ரகு படத்தின் முன்னால் நின்றான். அந்தக் காலேஜ் பெண்களும் நாங்களும் நாங்களும் என்று வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். கண்காட்சி, கண்காட்சியாக இல்லாமல் பள்ளிக்கூடத்து அசெம்பிளியாக மாறிவிட்டது.

முதல் பெண் சிரித்து அவுட். இரண்டாவது அவளைப் பார்த்துச் சிரித்து அவுட். மூன்றாவது பெண்ணுக்குப் போன் வந்தது. ரகு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மூக்கு துடித்தது. கண்ணில் நீர் கோத்தது. “மூச்சு விடலாமா அங்கிள்?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டான். “விடலாம், ஆனா தோள் ஏறக் கூடாது” என்றார் வாக்கிங் ஷூ கறாராக. சற்று நேரத்தில் ரகுவின் இடது முழங்கால் தானாக மடங்கியது.

“ஆடிட்டீங்க தம்பி. ரெண்டு நிமிஷம்கூட ஆகல.”

ஹாலே கைதட்டியது. ரகு சிரித்துக்கொண்டே முழங்காலைத் தேய்த்தான். பிறகு திரும்பினான். “சரி. அம்மா, இப்போ நீ நில்லு. பாக்கலாம்.”

மாமி அலட்டிக்கொள்ளவே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

“நான் எதுக்குடா மறுபடியும் நிக்கணும்? அதான் ஃப்ரேம் போட்டுத் தொங்கறதே!”

மறுபடியும் கைதட்டல். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நித்யா மெதுவாகச் சொன்னாள்: “ஸ்லோகம் சொல்ற நேரத்துல எடுத்திருக்கார் ரகு. மத்த நேரமெல்லாம் சுத்தினா. நான் கூடவே இருந்தேனே.”

ரகு பெண்டாட்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தான். “ஓகே. ஆதம்பாக்கம் பேச்சை நான் எடுக்கலை” என்றான். கிளம்பும்போது என் கையைக் குலுக்கினான். வழக்கத்தைவிட இறுக்கமாகக் குலுக்கியதாக எனக்குத் தோன்றியது.

யார் நின்னா?

சில வாரம் கழித்து அந்தப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். மாடிப்படி முழுக்கப் புதிதாக ஒரு ஸ்டீல் கைப்பிடி. ரகு ஆளனுப்பிப் போட்டது, எதற்கென்று அவனும் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்றார் மாமி. எனக்கு அது நன்றாகவே உதவியது.

காபி வந்தது. எனக்கு என் சாமர்த்தியத்தை நானே பேசாவிட்டால் தூக்கம் வராது.

“எப்படி மாமி உங்களைக் காப்பாத்தினேன்? இருந்தாலும், நாலு நிமிஷம் ஆடாம நின்னீங்களே, அது உங்க பெருமைதான்.”

மாமி டம்ளரை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“யார் நின்னா?”

“பின்ன?”

“ஒக்காந்துண்டு இருந்தேன்! ஜூஸ் கடை ஸ்டூல்ல. உசரமா, செவப்பா, பிளாஸ்டிக்ல ஒண்ணு போட்டிருப்பானே, அதுல.”

நான் நம்பவில்லை. கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் குனிந்தேன். மாமி அன்று கட்டியிருந்தது அரக்குப் புடவை. ஸ்டூல் சிவப்பு. என் வெல்டிங் கண்ணாடி இரண்டையும் விழுங்கி ஒரே கருப்பாகத் துப்பியிருந்தது. புடவை எங்கே முடிகிறது, ஸ்டூல் எங்கே ஆரம்பிக்கிறது என்று, முப்பது வருஷமாகக் கண்ணாடி பார்த்தே பிழைக்கிற என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நீ கலர்ல எடுத்திருந்தேன்னா அன்னிக்கே என் மானம் போயிருக்கும்” என்றார் மாமி. “நல்ல வேளை, நோக்கு இந்தக் கருப்பு வெள்ளைப் பைத்தியம்.”

“ஸ்டூலை யார் கொண்டுவந்து போட்டா?”

“நித்யா.”

“சாட்சி சொல்ல வந்தவங்களா!”

“நாலாவது சுத்துல நான் அவ தோளைப் பிடிச்சேன். ஒண்ணுமே கேக்கலை. ஜூஸ் கடைக்காரன்கிட்ட போய் ஸ்டூலை வாங்கிண்டு வந்து போட்டு ஒக்காருங்கோன்னா. என் கையில இருந்த கூடையை வாங்கிண்டா. தன்னோட நூத்தியெட்டை முடிச்சா. அப்பறம் என்னோடதையும் சுத்தினா. ஒவ்வொரு சுத்துக்கும் என் கூடையிலேர்ந்து ஒரு கடலை உருண்டை. மறுநாள் அவளால ஆபீஸ் போக முடியலை. கால் வீங்கிடுத்து. ரகுகிட்ட செருப்பு கடிச்சுடுத்துன்னு சொல்லியிருக்கா.”

என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? “மாமி, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆதம்பாக்கம் வந்துடக் கூடாதேன்னு அவங்களுக்கும் இருந்திருக்குமோ?”

“இருக்காதா பின்னே? நேக்கும்தான் இருந்தது.” மாமிக்குக் கோபமே வரவில்லை. “வாரத்துல ஒருநாள் பாத்துக்கறோம், சிநேகிதா மாதிரி இருக்கோம். ஒரே சமையலறைல ரெண்டு பேரையும் விட்டுப் பாரு, ஒரே மாசம். அவளுக்கும் அது தெரியும், நேக்கும் தெரியும். அவனுக்குத்தான் தெரியலை. அதுக்காக ஒருத்தி இருநூறு சுத்துக்கு மேல சுத்துவாளா, சொல்லு? அது வேற.”

மாமி எழுந்து வந்து, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மரத்தடியில் புகை மாதிரி இருந்த அந்த மங்கலான இடத்தின் மேல் விரலை வைத்தார். “இங்கதான் எங்கேயோ இருக்கா” என்றார்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று போன வாரம் மாமிக்குப் போன் செய்து கேட்டேன்.

“தாராளமா எழுது.”

“ரகு படிச்சுட்டா?”

“அவனா? பள்ளிக்கூடத்துல ஃப்ரெஞ்ச் எடுத்துப் படிச்சவன். இன்னிக்கும் பஸ்ல நம்பரைப் பாத்துதான் ஏறுவான். தமிழாவது, படிக்கறதாவது.”

“நித்யா படிப்பாங்களே மாமி. வாராவாரம் என் தொடரைப் படிக்கிறதா கண்காட்சி அன்னிக்கே சொன்னாங்க.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மாமி போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

“அவ படிக்கட்டும்னுதான் எழுதச் சொல்றேன்” என்றார் மாமி. “நேர்ல சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாயைத் தெறந்துட்டேன் இக்பால். தெறந்தா ரசத்துல உப்பு ஜாஸ்தின்னுதான் வரது.”

“என்னன்னு எழுதட்டும்?”

“சுத்தினது அவதான்னு எழுது. போறும்.”